உங்கள் ஊர் அரக்கன் இன்னும் படமாகவில்லை

பெங்களூருவின் விஎஃப்எக்ஸ் கூடங்களில் வேலை பார்க்கும் தமிழ்த் தம்பி தங்கைகளுக்கு,



சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்து, இந்த ஊரில் அறை எடுத்துத் தங்கி, ரோட்டோவில் தொடங்கி பெயின்ட், மேட்ச்மூவ், காம்ப் என்று படிப்படியாக ஏறியவர்கள் நீங்கள். லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் யாரோ எழுதிய கதைகளுக்குப் பறவையும் பூதமும் செய்து கொடுப்பது உங்கள் தொழில். உங்கள் கைத்திறமை மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பழைய ஜப்பானிய அசுர மிருகப் படங்களின் பேச்சு வந்தாலே உங்களிடையே ஒரு சிரிப்பு கிளம்புகிறது. ரப்பர் சட்டை போட்ட ஆள், அட்டை வீடு, பொம்மை ரயில், கம்பி தெரியும் விமானம். செல்போனில் துண்டு துண்டாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். முதல் படத்தை, ஜப்பானிய மொழியிலேயே, முழுதாக, இருட்டில் உட்கார்ந்து பார்த்த எவரும் சிரித்து நான் கண்டதில்லை.

அந்தப் படம் வந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. அபாய எல்லை என்று அறிவித்திருந்த பகுதிக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மேல் வெள்ளைச் சாம்பல் மழைபோல் விழுந்தது. படகின் பெயர் டைகோ ஃபுகுரியூ மாரு. அதில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சால் நோயுற்றார்கள். வானொலி இயக்குநரான ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். நவம்பர் 3 அன்று தோஹோ நிறுவனத்தின் ‘கோஜிரா’ திரைக்கு வந்தது. உலகம் அதைக் காட்ஸில்லா என்று அழைத்தது. படத்தின் முதல் காட்சியே, கடலில் திடீரென்று எழும் ஒளியில் எரிந்து மூழ்கும் ஒரு கப்பல்தான். அன்றைக்கு அரங்கில் இருந்தவர்களுக்கு அது எதைப் பற்றியது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வீட்டில் மீன் வாங்கப் பயந்துகொண்டிருந்த ஆண்டு அது.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா சீனப் போர்முனையில் வீரராக இருந்தவர். போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தவர். அவர் எடுத்த படத்தில் காட்ஸில்லா டோக்கியோவில் நடந்து போகும் வழியைக் கவனியுங்கள். ஷினகாவா பக்கம் ஒருமுறை கரையேறுகிறது. மறுமுறை வரும்போது கின்ஸாவை எரித்து, நாடாளுமன்றக் கட்டடத்தை இடித்து, அசகுசா வழியாக சுமிதா ஆற்றில் இறங்கிக் கடலுக்குத் திரும்புகிறது. அசகுசாவும் சுமிதாவும் 1945 மார்ச் 9-10 இரவு அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு போட்டுப் பொசுக்கிய பகுதிகள். ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் செத்த இடம். ஒன்பதே ஆண்டுகளில் அதே தெருக்கள் திரையில் மறுபடி எரிவதை அவ்வூர் மக்கள் காசு கொடுத்து வந்து பார்த்தார்கள். ஊர் எரியும்போது ஒரு தாய் தன் பிள்ளைகளை அணைத்தபடி தெருவோரம் உட்கார்ந்திருக்கிறாள். சீக்கிரமே அப்பாவிடம் போய்விடலாம் என்று அவர்களைத் தேற்றுகிறாள். மறுநாள் மருத்துவமனையில், காயமே இல்லாத ஒரு குழந்தையின் அருகே கதிர்வீச்சு அளக்கும் கருவியை நீட்டுகிறார்கள். கருவி படபடக்கிறது. மருத்துவர் தலையை மட்டும் அசைக்கிறார். இந்த இரண்டு காட்சிகளிலும் அரக்கன் கிடையாது, ரப்பரும் கிடையாது. படத்தின் முழு எடையும் அங்கேதான் இருக்கிறது.

உலகத்தின் பெரும்பகுதி இதைப் பார்க்கவே இல்லை. 1956இல் அமெரிக்கர்கள் இந்தப் படத்தை வெட்டி, ரேமண்ட் பர் என்ற நடிகர் செய்தியாளராக வரும் காட்சிகளைப் புதிதாக எடுத்து ஒட்டி, குண்டைப் பற்றிய கசப்பான பேச்சுகளைப் பெரும்பாலும் உதறிவிட்டு வெளியிட்டார்கள். கடல் கடந்து போனது அந்தப் பதிப்புதான். ஹோண்டாவின் மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் முறையாக ஓடியது 2004இல். ஐம்பது ஆண்டு கழித்து! ரப்பர் சட்டை என்ற பரிகாசம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரியும். உயிரை எடுத்துவிட்டுச் சட்டையை மட்டும் ஏற்றுமதி செய்தால் சட்டைதானே தெரியும்.

அந்தச் சட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் தொழில் தெரிந்தவர்கள், ரசிப்பீர்கள்.

விளைவுக் காட்சிகளுக்குப் பொறுப்பாளரான எய்ஜி சுபுராயா, 1933இல் வந்த ‘கிங் காங்’ படத்தைப் பார்த்து மயங்கியவர். அதுபோலவே பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுக்கத்தான் அவருக்கு ஆசை. அதற்கு நேரமும் இல்லை, பழகிய ஆட்களும் இல்லை. அதனால் மூங்கில், கம்பி, துணி, ரப்பர் எல்லாம் சேர்த்து ஒரு சட்டை தைத்தார்கள். முதல் சட்டை நூறு கிலோவை ஒட்டிய எடை. அதற்குள் புகுந்தவர் ஹருவோ நகாஜிமா. அதே ஆண்டு அதே நிறுவனம் தயாரித்த குரோசவாவின் ‘ஏழு சாமுராய்’ படத்தில் கொள்ளையர்களுள் ஒருவராக வந்தவர். படப்பிடிப்பு விளக்குகளின் சூட்டில் உள்ளே சில நிமிடங்களுக்கு மேல் நிற்க முடியாது. நகாஜிமா உவேனோ விலங்குக் காட்சிசாலைக்குப் போய் யானையும் கரடியும் எப்படி அடி எடுத்து வைக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். யானை பாதத்தை முழுதாகக் காட்டாமல் தேய்த்து வைப்பதைக் கவனித்து அதையே தன் நடையாக்கிக்கொண்டார். 1954 முதல் 1972 வரை பன்னிரண்டு படங்களில் அவர்தான் காட்ஸில்லா. விலங்குகளைப் பார்த்து அவர் எடுத்தது, நீங்கள் கணினியில் ஒரு நடைச் சுழற்சிக்கு எடுக்கும் அதே குறிப்பு. அவர் அதை நூறு கிலோவைச் சுமந்தபடி எடுத்தார்.

கணக்கும் சரியாகவே இருந்தது. படத்தில் காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர், சட்டையோடு சேர்த்து ஆள் சுமார் 2 மீட்டர். ஆகவே ஊரை 25இல் ஒரு பங்காகக் கட்டினார்கள். 50 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட ஏறத்தாழ 3.2 விநாடி ஆகும். 2 மீட்டரிலிருந்து விழுந்தால் 0.64 விநாடி. ஐந்து மடங்கு வித்தியாசம், அதாவது 25இன் வர்க்கமூலம். விநாடிக்கு 24 படச்சட்டம் ஓடும் கேமராவை 120க்கு ஏற்றினால் சின்னக் கட்டடம் பெரிய கட்டடத்தின் நிதானத்தோடு சரியும். இன்று நீங்கள் சிமுலேஷனில் இடிபாடுகளின் வேகத்தைச் சரிசெய்யும்போது போடும் கணக்கு இதுவேதான். தண்ணீருக்கும் நெருப்புக்கும் மட்டும் இந்த வித்தை முழுதாகப் பலிக்காது. துளியின் அளவைச் சுருக்க முடியாதே. பழைய படங்களில் கடல் மட்டும் கொஞ்சம் தொட்டித் தண்ணீராகத் தெரிவது அதனால்தான். வானிலிருந்து பார்க்கும் கடலுக்கு அவர்கள் வேறு வழி கண்டார்கள். அகர் அகரைக் காய்ச்சி ஊற்றி உறையவைத்து, அதையே அலைபடிந்த கடல் மேற்பரப்பாக்கினார்கள். நம் வீட்டில் நோன்புக்கும் விருந்துக்கும் இனிப்பு செய்கிற அதே கடல்பாசிதான்.

ஒலியையும் விட்டுவிடக் கூடாது. காட்ஸில்லாவின் அலறலுக்கு எந்த விலங்கின் குரலும் பொருந்தவில்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, ஊசியிலை மரப்பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பாஸின் தளர்த்திய கம்பியை உருவவைத்து, பதிவு செய்ததை வேகம் குறைத்து ஓட்டினார். எழுபது ஆண்டுகளாக அந்த அலறலின் அடிப்படை மாறவில்லை. எத்தனை முறை புதுப்பித்தாலும் அதன் வேரை யாரும் அறுக்கத் துணியவில்லை.

கர்நாடகத்தில் வாழ்கிற உங்களுக்கு, சட்டைக்குள் மனிதன் இருப்பது ஏன் தாழ்வாகப் படுகிறது என்பது எனக்கு வியப்பு. மைசூரு தசரா ஊர்வலத்தில் காருடி கொம்பே வருவதைப் பார்த்திருப்பீர்கள். மூங்கில் சட்டத்தில் கட்டிய பேருருவம், பெரிய முகம், உள்ளே புகுந்து ஆடும் ஓர் ஆள். உள்ளே மனிதன் இருக்கிறான் என்று தெருவிலுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் பயப்படுகிறது, தெரிந்தும் சிரிக்கிறது. நம் தெருக்கூத்தில் கட்டைகளும் கிரீடமும் பூட்டிக்கொண்டு துரியோதனன் அவைக்கு வரும்போது அவர் பகலில் வயலில் வேலை செய்தவர் என்பதை ஊரே அறியும். தெரிந்தே நம்புவது நம் மண்ணின் கலைகளுக்கு இயல்பு. ஜப்பானியர்கள் தங்கள் பொம்மலாட்டத்திலிருந்தும் கபுகியிலிருந்தும் அதே இயல்பைக் கேமராவுக்கு முன் கொண்டுவந்தார்கள். தென்னாட்டிலும் இந்தக் கை இருந்தது. 1957இல் வந்த ‘மாயாபஜார்’ படத்தில் நிலவொளியில் தெரியும் துவாரகையை மார்கஸ் பார்ட்லி சின்னஞ்சிறு வீடுகளைக் கட்டி, விளக்கேற்றிப் படம் பிடித்தார். பேய்க்கும் மாயத்துக்கும் பேர்போன பி. விட்டலாச்சார்யா உடுப்பிப் பக்கத்துக்காரர். கன்னடப் படங்களில் தொடங்கி, சென்னைக்கு வந்து, தமிழ்நாட்டுக் கிராமங்கள்வரை ‘ஜகன்மோகினி’யை ஓடவைத்தவர். இவர்கள் உங்கள் மூதாதையர். ஹாலிவுட்டை மட்டும் குலமாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. இந்தப் படங்களில் மிருகம் வில்லன் கிடையாது. அரக்கர்கள் வேண்டுமென்று தீங்கு செய்வதில்லை, அளவுக்கு மீறிய உயரத்தோடும் பலத்தோடும் எடையோடும் பிறந்ததே அவர்களின் துயரம் என்பது ஹோண்டாவின் எண்ணம். முதல் படத்தில் காட்ஸில்லாவைக் கொல்லும் ஆயுதத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி செரிஸாவா, அது இன்னொரு குண்டாக மாறிவிடுமென்று அஞ்சித் தன் குறிப்புகளை எரித்துவிட்டு, கடலடியிலேயே தன் கயிற்றை அறுத்துக்கொண்டு மிருகத்தோடு சேர்ந்து சாகிறார். வெற்றி முழக்கம் கிடையாது. மூத்த விஞ்ஞானியாக நடித்த தகாஷி ஷிமுராவின் முகமும், சோதனைகள் தொடர்ந்தால் இன்னொன்று வரலாம் என்ற அவருடைய கவலையும்தான் மிச்சம். கம்பனின் கும்பகருணனை நேசிக்கிற நமக்கு இது புரியாதா? அண்ணன் செய்தது தவறு என்று தெரிந்தும் களத்துக்குப் போய் மலைபோல் சாய்கிறானே, அவன் சாவில் நமக்கு ஏற்படுவது மகிழ்ச்சியா?

எல்லாப் படங்களும் உயர்ந்தவை என்று சொல்ல மாட்டேன். அறுபதுகளின் முடிவில் பணம் சுருங்கியது. தொலைக்காட்சி வந்து அரங்குகளைக் காலி செய்தது. பழைய சண்டைக் காட்சிகளையே வெட்டி ஒட்டிப் புதுப் படம் என்று விற்றார்கள். அப்படி ஒட்டுப்போட்டதென்று எல்லோரும் திட்டும் 1969ஆம் ஆண்டுப் படம் ஒன்றில்கூட, பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், ஆலைப்புகை சூழ்ந்த கவாசாகியில், மற்றப் பிள்ளைகளிடம் அடிவாங்கும் ஒரு சிறுவனின் தனிமையை ஹோண்டா அவ்வளவு பரிவோடு எடுத்திருக்கிறார். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். போட்டி நிறுவனமான டாயேயின் பறக்கும் ஆமை காமெரா குழந்தைகளுக்கானது. பத்து வயதில் பார்க்க வேண்டியது, அவ்வளவுதான்.

மோத்ராவைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவள் உங்கள் ஊர்க்காரி. 1961இல் ஹோண்டா எடுத்த படம். அணுகுண்டுச் சோதனை நடந்த ஒரு தீவு. அங்கிருந்து கைக்கடக்கமான இரண்டு பெண்களைப் பிடித்துவந்து மேடையில் ஆடவைத்துக் காசு பார்க்கிறான் ஒரு வியாபாரி. அவர்கள் பாடி அழைக்க, தீவின் தெய்வம் பெரும்புழுவாகக் கடலில் நீந்தி வருகிறது. டோக்கியோ கோபுரத்தைச் சாய்த்து, அதன் மேலேயே கூடு கட்டி, அந்துப்பூச்சியாக வெளிப்படுகிறது. அது அசல் பட்டுப்புழு. பட்டு வளர்த்த நாட்டவருக்குத்தான் அப்படி ஒரு தெய்வம் தோன்றும்.

இப்போது சில்க் போர்டு சந்திப்பில் நீங்கள் சிக்கிக்கொண்டு நிற்கும் நேரங்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயர் அங்கே இருக்கும் மத்தியப் பட்டு வாரியத்தால் வந்தது. மைசூரு சாலையில் போனால் ராமநகரத்தில் ஆசியாவின் மிகப் பெரிய பட்டுக்கூட்டுச் சந்தைகளுள் ஒன்று. பசவனகுடிப் பக்கம் டாடா சில்க் ஃபார்ம் என்று இன்றும் ஓர் இடப்பெயர் இருக்கிறதே, அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் ஜம்சேத்ஜி டாடா ஜப்பானிய வல்லுநர்களை வரவழைத்து நடத்திய பட்டுப் பண்ணையின் மிச்சம். உங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் பலர் மல்பெரி இலை பறித்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். இரவில் ஆயிரக்கணக்கான புழுக்கள் இலை தின்னும் ஓசை மழைபோல் கேட்பதை நீங்கள் சிறுவயதில் கேட்டிருக்கிறீர்கள். ஹாலிவுட் ஒலிப்பதிவாளர் எவருக்கும் அந்த ஓசை தெரியாது.

இனி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

1971இல் யோஷிமிட்சு பான்னோ என்ற புது இயக்குநர் ‘காட்ஸில்லா எதிர் ஹெடோரா’ எடுத்தார். ஜப்பானின் வளர்ச்சிக் காலம் அது. யோக்காய்ச்சியில் ஆலைப்புகையால் ஊரே மூச்சிரைப்பு நோயில் விழுந்திருந்தது. மாசுக்கு எதிராக ஜப்பானிய நாடாளுமன்றம் 1970இல் ஒரே தொடரில் பதினான்கு சட்டங்களை இயற்ற வேண்டிய நிலை. பான்னோவின் அரக்கன் கழிவுச் சேற்றிலிருந்து பிறக்கிறான். முதலில் தலைப்பிரட்டைபோல் சின்னச் சின்ன உயிர்கள். ஒன்றோடொன்று ஒட்டி வளர்கின்றன. பிறகு கரையேறி ஆலைப் புகைபோக்கிகளில் வாய்வைத்துப் புகையை உறிஞ்சுகிறது. பறக்கும்போது அது உதிர்க்கும் அமிலத் தூவலில் பள்ளிப் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள். குறைந்த பணத்தில், அவசரத்தில், கோணல்மாணலாக எடுத்த படம். இடையிடையே பாட்டும் கார்ட்டூனும் வேறு. அந்த வரிசையில் முதல் படத்துக்கு அடுத்தபடி நேர்மையான கோபம் கொண்டது இதுதான் என்பது என் தீர்ப்பு.

அந்தப் படத்தைப் பார்க்கும் பெங்களூருக்காரருக்கு பெல்லந்தூர் ஏரி நினைவுக்கு வராமல் போகுமா? நகரத்துச் சாக்கடையில் கணிசமான பங்கு சுத்திகரிக்கப்படாமலே அந்த ஏரியில் பல்லாண்டுகளாக இறங்கியது. சலவைத்தூளின் வேதிப்பொருட்கள் தண்ணீரில் சேர்ந்து, ஏரி வழிந்து விழும் இடத்தில் கடைந்து நுரையாக எழுந்தன. எமலூர்ப் பக்கமும் வர்த்தூர்க் கோடியிலும் அந்த நுரை ஆளுயரத்துக்கு எழும்பி, காற்றில் பிய்ந்து, சாலைக்கு வந்து வண்டிகளின் கண்ணாடியில் ஒட்டியது. 2015இல் நுரை தீப்பிடித்தது. 2017இல் ஏரியின் பரப்பிலேயே தீ. 2018 ஜனவரியில் மறுபடி எரிந்தபோது அணைக்க ராணுவ வீரர்கள் இறங்கினார்கள். தண்ணீர் எரிந்த ஊர் இது. ஏரி எரிய, அதை ராணுவம் எதிர்த்து நிற்க, அடுக்குமாடி பால்கனிகளிலிருந்து மக்கள் பார்த்துக்கொண்டிருந்த காட்சியைத் தோஹோவின் எந்தத் திரைக்கதையாளரும் கற்பனை செய்து எழுதவில்லை. நம் செய்தித்தாள்களில் வந்தது அது.

அந்த அரக்கன் நடக்க வேண்டிய பாதையும் ஏற்கெனவே நிலப்படத்தில் இருக்கிறது. நான் குடியிருக்கும் அல்சூர் ஏரியின் உபரிநீர் சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாகப் பெல்லந்தூருக்குப் போகிறது. அங்கிருந்து வர்த்தூர். வர்த்தூரிலிருந்து தட்சிண பினாகினி. எல்லையைத் தாண்டினால் அதன் பெயர் தென்பெண்ணை. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போது வெண்ணுரை மலைபோல் பொங்குவதையும், உழவர்கள் துர்நாற்றத்தைப் பற்றி முறையிடுவதையும் ஆண்டுதோறும் படிக்கிறோம். பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூரில் கடல். டோக்கியோவில் காட்ஸில்லா நடந்த தெருக்களை அந்த ஊர்க்காரர் விரல்வைத்துக் காட்டுவதுபோல, இந்தப் பாதையை உங்களில் பாதிப்பேர் காட்ட முடியும். ஊருக்கு பஸ் ஏறும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீங்கள் அந்த ஆற்றைக் கடக்கிறீர்கள். ஹெடோராவுக்குக் கிடைக்காத ஒன்று இந்தக் கதையில் உண்டு. இந்த அரக்கன் இரண்டு மாநிலங்களின் எல்லையைக் கடக்கிறான். மேலே கழுவிவிட்டவனையும் கீழே அந்த நீரைப் பாய்ச்சுகிறவனையும் ஒரே படத்துக்குள் நிறுத்துகிறான். பெங்களூருவில் பிழைக்கும் தமிழர் இரண்டு கரையிலும் நிற்கிறோம். நாம் துவைக்கும் சோப்புநீரும் அதில் இருக்கிறது, நம் மாமன் வயலும் அதில் இருக்கிறது.

தமிழில் பேருருவ அரக்கன் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தான். 2018இல் ‘2.0’ படத்தில் ஊர் செல்போன்கள் எல்லாம் பறந்து ஒன்றுகூடிப் பெரும்பறவையாக எழுந்தபோது அது அசலான ‘கைஜு’, அதாவது ஜப்பானியர் சொல்லும் அசுர மிருகம்தான். பறவைகளை நேசித்த ஒரு கிழவரின் துக்கத்திலிருந்து பிறந்த அரக்கன். அந்தத் துக்கத்தைச் சொல்லும் பகுதிதான் படத்திலேயே சிறந்தது. சீக்கிரமே அதைத் தள்ளிவிட்டு விளையாட்டரங்கச் சண்டைக்கு ஓடிவிட்டார்கள். பம்பாயில் 1966லேயே ‘கோகோலா’ என்று கடல் மிருகம் நகரத்தைத் தாக்கும் இந்திப் படம் ஒன்று எடுத்தார்கள். விதை இங்கே விழாமல் இல்லை.

பணம் எங்கே என்பது உங்கள் அடுத்த கேள்வி. 2023இல் வந்த ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ படத்தில் 610 விளைவு ஷாட்டுகள். அவற்றைச் செய்து முடித்தவர்கள் 35 பேர். படத்தின் மொத்தச் செலவு ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைவு என்றார் இயக்குநர் தகாஷி யமஸாகி. விளைவுகளின் மேற்பார்வையாளரும் அவரே. குழுவோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்ததால், பல அடுக்கு ஒப்புதலுக்கும் திருத்தத்துக்கும் காத்திருக்கும் வாரங்கள் அவர்களுக்கு மிச்சம். குழுவில் தத்சுஜி நொஜிமா என்ற இளைஞர் இருந்தார். தண்ணீரைக் கணினியில் உருவாக்குவதில் தீராத மோகம் கொண்டு சொந்த ஆர்வத்தில் செய்து பார்த்துக்கொண்டிருந்தவர். அதைப் பார்த்த யமஸாகி படத்தில் கடல் காட்சிகளைக் கூட்டினார். 2024 மார்ச்சில் ஹாலிவுட்டின் பெரும்படங்களை வென்று விளைவுகளுக்கான ஆஸ்கரை வாங்கிய நால்வரில் நொஜிமாவும் ஒருவர். கதை 1945க்கும் 1947க்கும் இடைப்பட்டது. தற்கொலைப் படையிலிருந்து உயிரோடு திரும்பிவிட்ட ஒரு விமானியின் குற்றவுணர்வு பற்றியது. எழுபது ஆண்டு கழித்தும் அவர்கள் அதே காயத்துக்குத்தான் திரும்பினார்கள், அதனால்தான் உலகம் திரும்பிப் பார்த்தது.

முப்பத்தைந்து பேர். பெங்களூருவில் அது ஒரு தளத்தின் ஒரு மூலை. 2014இல் வந்த ஹாலிவுட் ‘காட்ஸில்லா’வுக்கு முதன்மையாக வேலை செய்த எம்.பி.சி. நிறுவனத்துக்கு இங்கே பெரிய கூடம் இருந்தது. அந்தப் படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஹெடோராவை எடுத்த அதே பான்னோ. 2025 பிப்ரவரியில் எம்.பி.சி.யின் தாய் நிறுவனமான டெக்னிகலர் நொடித்தபோது பெங்களூருவிலும் கதவுகள் மூடின. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாரத்தில் வேலையற்றுப் போனீர்கள். அந்த நாட்களில் உங்களில் சிலரோடு பேசியபோது என்னைச் சுட்டது ஒன்று உண்டு. எத்தனையோ பெரிய படங்களில் வேலை செய்திருந்தும் ‘இது என்னுடையது’ என்று காட்டிக்கொள்ள ஒரு ஐந்து நிமிடப் படம் பெரும்பாலோரிடம் இருக்கவில்லை. ஷோரீலில் இருந்ததெல்லாம் பிறருடைய கனவுகளின் துண்டுகள். வேலை போனதைவிட அது பெரிய இழப்பாக எனக்குப் பட்டது.

ஆகவே கேட்கிறேன். நான்கைந்து பேர் சேருங்கள். ரிக்கிங் தெரிந்த ஒருவர், சிம் தெரிந்த ஒருவர், காம்ப் ஒருவர், எழுதத் தெரிந்த ஒருவர், ஒலிக்கு ஒருவர். முடிந்தால் கைவேலையும் கலந்து செய்யுங்கள். சன்னபட்டணாவில் மரம் கடையும் கைகள் இருக்கின்றன, காருடி கொம்பே கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. எமலூரின் ஒரு தெருவை 25இல் ஒரு பங்காகக் கட்டி, கேமராவை 120இல் ஓட்டிப் பாருங்கள். நல்ல செல்போன்களே இப்போது அந்த வேகத்தில் எடுக்கும். நுரைக்குச் சோப்புத்தூளே போதும், அசலிலும் அதுதான். கன்னட நண்பர்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரி அவர்களுடையது, ஆறு இருவருடையது. படம் இரு மொழியிலும் பேசட்டும். அரக்கனை அழகாகச் செய்யுங்கள். அவன்மேல் பார்ப்பவர்களுக்கு இரக்கம் வர வேண்டும், அவனைப் பெற்றவர்கள் மேல் கோபம் வர வேண்டும். அடுக்குமாடி இடிவதைக் காட்டுவதற்கு முன் அந்த வீட்டில் காலையில் யார் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார்கள் என்று காட்டுங்கள். ஹோண்டா அதைத்தான் செய்தார்.

தொடங்குவதற்கு முன் இரண்டு வேலைகள். 1954 படத்தின் மூலப்பதிப்பை, அமெரிக்க வெட்டு இல்லாமல், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒருமுறை முழுதாகப் பாருங்கள். பிறகு மழைக்காலத்தில், கெலவரப்பள்ளியில் மதகு திறக்கும் செய்தி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்கு வண்டி எடுங்கள். கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் கொண்டுபோங்கள். கரையில் நிற்கும் உழவரிடம் நிறையக் கேளுங்கள், குறைவாகப் பேசுங்கள். திரும்பி வந்து எழுதத் தொடங்குங்கள்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து ஒரு திரைப்பட ரசிகர்